நாற்பது நாள்

தவக்காலத்தின் ஐந்தாவது வாரம், புதன்கிழமை சாயங்காலம். ஓய்வுபெற்ற ஒரு குருவானவரின் அறைக்கு வெளியே உள்ள திண்ணையில் நடந்த பேச்சு இது. கேட்டவன் குருமடப் படிப்பை முடித்துத் திருத்தொண்டர் பட்டம் பெற்றவன். வருகிற மே மாதம் அவனுக்குக் குருப்பட்டம். வீடு பல்லடம் பக்கம். அப்பாவுக்கு ஐயாயிரம் கோழி பிடிக்கிற கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. எழுதிவைத்தவனும் அவனே. ஆகவே தான் மாட்டிக்கொண்ட இடங்களைக் கொஞ்சம் சுருக்கியிருப்பான் என்று வாசகர் வைத்துக்கொள்ளலாம்.

சீடன்: சாமி, இதைப் பாவம் என்று சொல்வதா, சந்தேகம் என்று கேட்பதா என்று தெரியவில்லை.

குரு: பாவம் என்றால் கோவிலுக்குள் போவோம். சந்தேகம் என்றால் திண்ணை போதும். உட்கார் தம்பி.

சீடன்: நேற்று மத்தியானம் எங்கள் ஊரில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. நல்ல வெயில். ஷெட்டில் மின்விசிறி நின்றுவிட்டது, தண்ணீர் தெளிக்கிற மோட்டாரும் நின்றுவிட்டது. முன்னூறு கோழிக்கு மேல் மூச்சுவாங்கிச் செத்துப்போயின. அப்பா ராத்திரி போன் செய்தார். நட்டம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்னார். வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது, முன்னூறு உயிர் போன சேதிக்கு நான் கேட்டது அந்த ஒரு கேள்வி மட்டும்தான் என்று. ராத்திரி செபத்தில் கரண்டுக்காரனைக்கூட நினைத்தேன். கோழியை நினைக்கவில்லை.

குரு: குஞ்சு எப்போது இறக்கினீர்கள்?

சீடன்: சாம்பல் புதனுக்கு மறுநாள். இன்றைக்கு முப்பத்து நாலு நாள். அடுத்த வாரம் வண்டி வந்துவிடும். ஈஸ்டருக்குக் கறி நன்றாக ஓடும்.

குரு: அப்படியானால் நீயும் அவையும் ஒன்றாகத்தான் தவக்காலம் தொடங்கியிருக்கிறீர்கள்.

சீடன்: வேடிக்கையாகச் சொல்கிறீர்களா?

குரு: இல்லை. நாமெல்லாரும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நாற்பது நாள் கறி தொடமாட்டோம் என்கிறோம். அந்த நாற்பது நாளில்தான் நாற்பத்தோராம் நாள் கறி தயாராகிறது. நம்முடைய ஒறுத்தல் எவ்வளவு காலமோ அவ்வளவுதான் ஒரு கோழியின் முழு ஆயுளும். இத்தனை வருடம் தவக்கால மறையுரை வைத்திருக்கிறேன், இந்தக் கணக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. நீ இப்போது தேதி சொன்னதும்தான் தோன்றியது.

சீடன்: ஆனால் கறியை விடுவது ஆட்டுக்கோ கோழிக்கோ இரங்கி அல்லவே, சாமி. நம் நாக்கை அடக்கத்தானே விடுகிறோம்?

குரு: சரிதான். முதல் வாரம் புதன்கிழமைப் பூசையில் முதல் வாசகம் என்ன?

சீடன்: யோனா. நினிவே மக்கள் மனம் திரும்பியது.

குரு: அங்கேயும் கெடு நாற்பது நாள்தான். அரசன் நோன்பு அறிவித்தானே, யார் யாருக்கு?

சீடன்: மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும். அவையும் தின்னக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, சாக்குத்துணி போர்த்தவேண்டும் என்று. குருமடத்தில் இதை வாசிக்கும்போது சிரிப்போம்.

குரு: நானும் சிரித்திருக்கிறேன். மாட்டுக்குச் சாக்குத்துணி கட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்த நூல் எங்கே முடிகிறது, பார். நினிவே அழியவில்லையே என்று யோனா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடவுள் அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறார். வலக்கை இடக்கை தெரியாத ஓர் இலட்சத்து இருபதாயிரம் பேருக்காகத் தாம் இரங்கக்கூடாதா என்கிறார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, அத்தனை கால்நடைகளுக்காகவும் கூடத்தான் என்று சேர்த்துச் சொல்கிறார். எபிரேயத்தில் அந்த நூலின் கடைசி வார்த்தைகள் கால்நடையைப் பற்றியவை. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை.

சீடன்: அக்குவினாஸ் தாமஸ் வேறு மாதிரி அல்லவா சொல்கிறார்? பகுத்தறிவில்லாத உயிர்களோடு நமக்கு நட்பு கிடையாது, அவை மனிதன் பயன்பாட்டுக்கு உள்ளவை. விலங்கை வதைக்கக்கூடாது என்பதுகூட, அதில் பழகினால் மனிதனையும் வதைக்கத் துணிவோம் என்பதற்காகத்தான். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

குரு: தாமஸ் பெரிய ஆள். ஆனால் தாமஸ் மட்டுமே திருச்சபை இல்லை. அந்த நினிவேக்கே ஏழாம் நூற்றாண்டில் ஈசாக்கு என்று ஓர் ஆயர் இருந்தார். சிரியத் துறவி. ஆயர் பதவி ஒத்துவராமல் சில மாதத்திலேயே விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டவர். (எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.) இரக்கமுள்ள இதயம் எது என்று அவரிடம் கேட்கிறார்கள். மனிதருக்காக, பறவைகளுக்காக, விலங்குகளுக்காக, பேய்களுக்காகக்கூட எரிகிற இதயம் என்கிறார். ஒரு சின்ன உயிர் நோவதைக் கேட்கவும் அதனால் தாங்க முடியாது, ஊர்வனவற்றுக்காகவும் கண்ணீரோடு செபிக்கும் என்கிறார். யோனா பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு அதே ஊர் ஆயர் பதில் எழுதிவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சீடன்: ஆனால் நம் ஆண்டவர் மீன் சாப்பிட்டார். உயிர்த்த பிறகும் சாப்பிட்டார். பேதுருவுக்குக் காட்சியில் விரிப்பு நிறைய விலங்குகளை இறக்கி, கொன்று உண் என்று குரல் கேட்டது. கெரசேனர் பகுதியில் இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்தன. இதற்கெல்லாம் என்ன சொல்வீர்கள்?

குரு: மீனை மறுக்கமாட்டேன். பேதுருவின் காட்சி உணவைப் பற்றியது இல்லை என்று பேதுருவே சொல்லிவிட்டார். எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாது என்பதுதான் அவர் கண்டுகொண்ட பொருள். பன்றிகளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஐம்பது வருடமாக இல்லை. ஆண்டவருக்கு அதில் என்ன எண்ணம் என்று நேரில் பார்க்கும்போது கேட்கலாம் என்று இருக்கிறேன்.

சீடன்: தீட்டு என்றீர்களே, எனக்கு உறுத்துவது அங்கேதான். இந்த நாட்டில் கறி சாப்பிடாதே என்று சொல்லும் வாயில் எப்போதும் ஒரு சாதி வாசனை வருகிறது. எங்கள் பங்கில் பாதிப்பேர் அந்த வார்த்தையால் அடிபட்டவர்கள். மாட்டுக்கறி தின்கிறவன் என்று சொல்லி வீடு கொடுக்க மறுத்திருக்கிறார்கள். நாளைக்கு நான் பீடத்தில் நின்று கோழிக்காக இரங்குங்கள் என்றால், இவனும் சைவக்காரன் ஆகிவிட்டான் என்றுதான் கேட்பார்கள்.

குரு: கேட்கட்டும். கேட்டால்தான் வித்தியாசத்தைச் சொல்ல முடியும். வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்று ஆண்டவர் அடித்துச் சொல்லிவிட்டார். அந்தக் கதவு மூடியாயிற்று. கறி தின்பவன் தாழ்ந்தவன் என்று சொல்கிறவனோடு எனக்குப் பந்தி கிடையாது. தீட்டைப் பற்றிப் பேசுகிறவன் தன் உடம்பின் சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறான். அவன் பேச்சில் கோழியே கிடையாது. நான் கோழியைப் பற்றிப் பேசுகிறேன். தட்டுக்கு வந்த பிறகு நடப்பதைவிட, அந்த நாற்பது நாளில் என்ன நடந்தது என்றே கேட்கிறேன். உன் ஷெட்டில் ஒரு கோழிக்கு எவ்வளவு இடம்?

சீடன்: ஒரு சதுர அடி. கொஞ்சம் கூட இருக்கலாம். முதல் பத்து நாள் தாராளமாகத் தெரியும். கடைசி வாரம் தரையில் கிடக்கிற மஞ்சி கண்ணுக்குத் தெரியாது, ஒரே வெள்ளை. சிலது காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்தே கிடக்கும். ராத்திரியிலும் லைட் எரியும், தின்றுகொண்டே இருக்கவேண்டும் என்று.

குரு: கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2014இல் வெளியானது. 1957ஆம் வருடத்துக் கறிக்கோழி இனத்தையும் 2005ஆம் வருடத்து இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4.2 கிலோ. எலும்பும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன. இந்த உடம்பை நாம்தான் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உண்டாக்கினோம். தொடக்கநூலில் கடவுள் ஒவ்வொன்றையும் அதனதன் இனத்தின்படி படைத்து, நல்லது என்று கண்டார். உட்கார்ந்தே கிடக்கிற இந்தக் கோழியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பெனடிக்ட் பதினாறாம் போப்புகூட, கர்தினால் ராட்சிங்கராக இருந்தபோது, நெருக்கி அடைக்கப்பட்ட கோழிகள் பறவையின் கேலிச்சித்திரமாகிவிட்டன என்ற பொருளில் ஒரு பேட்டியில் பேசியிருக்கிறார்.

சீடன்: மறைக்கல்வி நூல் என்ன சொல்கிறது?

குரு: 1992இல் வந்த நூலில் 2418ஆம் பத்தி. விலங்குகளைத் தேவையில்லாமல் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு ஒவ்வாதது. அதே பத்தியில் அடுத்ததும் உண்டு: மனிதர் துயர் தீர்க்கப் போகவேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் தகாது.

சீடன்: அதைத்தான் அப்பாவும் சொல்வார். கோழிக்கு இடம் இருக்கட்டும், எனக்கு இடம் எங்கே என்பார். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் மருந்து கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், உடலுழைப்பு எங்களுடையது. கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி. செத்த கோழிக்குக் கூலி இல்லை; ஆனால் அது தின்ற தீவனம் மட்டும் எங்கள் கணக்கில் ஏறும். ஷெட் கட்டின பாங்கு கடன் இன்னும் ஓடுகிறது. சதுர அடிக்கு ஒரு கோழி என்பதை அரைக் கோழியாக்கு என்று நீங்கள் சொன்னால், வீட்டில் அடுப்பும் பாதிதான் எரியும். கோழிக்கு இரங்குகிறவர்கள் யாரும் எங்கள் கூலியைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

(இந்த இடத்தில் குரு நெடுநேரம் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.)

குரு: போர் அடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்பது எங்கே இருக்கிறது?

சீடன்: இணைச்சட்டத்தில். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது அதை எடுத்துச் சொல்லி, கடவுள் மாட்டைப் பற்றியா கவலைப்படுகிறார் என்று கேட்கிறார். அது மனிதருக்காக எழுதியது என்கிறார். பார்த்தீர்களா, பவுலும் என் பக்கம்தான்.

குரு: பவுல் எதற்காக அதை இழுத்தார்?

சீடன்: உழைக்கிறவனுக்குக் கூலி வேண்டும் என்பதற்காக.

குரு: அப்படியென்றால் அந்த ஒரு சட்டம் மாட்டையும் கூலிக்காரனையும் சேர்த்தே கட்டுகிறது. களத்தில் தானியம் குவிந்து கிடக்கிறது, அதை மிதிக்கிற மாடு ஒரு வாய் தின்றுவிடும் என்று பயந்து வாயைக் கட்டுகிறானே, அந்தக் கணக்கு மாட்டோடு நிற்காது. கோழிக்கு அரை அடி கூடக் கொடுத்தால் கிலோவுக்கு எத்தனை பைசா குறையும் என்று பார்க்கிறவன்தான் உன் அப்பா கூலியிலும் அதே பைசாவைப் பார்க்கிறான். உன் ஷெட்டில் வாய் கட்டப்பட்டவர்கள் ஐயாயிரம் பேர் இல்லை, ஐயாயிரத்து ஒருவர். கோழிக்காகப் பேசுகிறவன் கூலிக்காகப் பேசவில்லையென்றால் அவன் பாதி வேதம்தான் வாசித்திருக்கிறான். அது அவன் குறை, நீ பதிலுக்கு மறு பாதியை மட்டும் வாசிக்காதே.

சீடன்: இரண்டுக்கும் மனதில் இடம் இருக்குமா, சாமி?

குரு: இங்கிலாந்தில் 1824இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியது ஆர்தர் புரூம் என்கிற ஆங்கிலிக்கன் குரு. சங்கத்துக் கடனுக்காக 1826இல் சிறைக்கே போனார். அந்தச் சங்கத்தைக் கூடித் தொடங்கியவர்களில் வில்பர்ஃபோர்ஸும் ஒருவர். 1807இல் பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தை ஒழித்த சட்டத்துக்காக இருபது வருடம் போராடியவர். அவருக்கு இடம் இருந்தது.

சீடன்: நீங்கள் இதையெல்லாம் சொல்கிறீர்கள். ஆனால் காலையில் உங்கள் தட்டில் முட்டை இருந்தது. பார்த்தேன்.

குரு: இருந்தது. நாமக்கல் முட்டைதான், கூண்டில் இட்டது. அந்தக் கூண்டில் ஒரு கோழிக்கு உள்ள இடம் நீ வைத்திருக்கிற ஏ4 தாளைவிடக் குறைவு. இறக்கையை விரிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் அந்த வெறுங்கூண்டுக்குத் தடை. இங்கே 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையில் இந்தக் கோழிகளைப் பற்றி எழுதியது. அதை வாசித்துவிட்டும் முட்டை தின்றேன். டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம், சொல்லமாட்டேன். பழக்கம். உனக்குச் சின்ன வயதில் திருவிழாக் கடையில் கலர் கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா?

சீடன்: பச்சை ஒன்று, ரோஸ் ஒன்று. மூன்று நாளில் செத்துவிட்டன. தங்கச்சி அழுதாள்.

குரு: முட்டைக்கோழி இனத்தில் சேவலாகப் பிறந்தது அது. முட்டையும் இடாது, கறியும் வைக்காது. ஆகவே பிறந்த அன்றே வேண்டாதது. பெரும்பாலானவற்றைக் குஞ்சுப் பண்ணையிலேயே கொன்றுவிடுவார்கள். சாயம் பூசிக்கொண்டு திருவிழாவுக்கு வந்தவை தப்பிய கொஞ்சம். என் தட்டில் இருந்த முட்டைக்கு அதுவும் ஒரு விலை.

சீடன்: எங்களுக்குக் குஞ்சு வரும் பெட்டியில் நூறு என்று கணக்கு, உள்ளே நூற்றிரண்டு இருக்கும். வழியில் சாவதற்கென்று இரண்டு கூட வைப்பார்கள். கொசுறு.

குரு: என்ன சொன்னாய்?

சீடன்: கொசுறு, சாமி. காய்க்காரம்மா கறிவேப்பிலை போடுவதுபோல.

குரு: மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு எத்தனை?

சீடன்: ஐந்து.

குரு: நாலுதானே வரவேண்டும்?

சீடன்: ஐந்தாவது கொசுறு.

குரு: அவற்றில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். கடைத்தெருவில் விலையே இல்லாமல் போன அந்த ஐந்தாவதையும் சேர்த்துத்தான். நீங்கள் குருவிகளைவிட மேலானவர்கள் என்ற அடுத்த வாக்கியத்தைத்தான் நாம் எல்லாரும் மறையுரையில் பிடித்துக்கொள்கிறோம். முதல் வாக்கியம் பொய்யானால் இரண்டாவதற்கு ஆறுதல் ஏது?

சீடன்: ஒன்று சொல்லட்டுமா? குஞ்சு வந்த முதல் வாரம் ராத்திரியில் ஷெட்டில்தான் படுப்பேன். எட்டாவது ஒன்பதாவது படிக்கையில். தகட்டை வட்டமாக நிறுத்தி, நடுவில் குண்டு பல்பு தொங்கவிட்டு, கரி அடுப்பும் வைப்போம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் மேலே மேலே ஏறி நெருக்கினால் குளிர் என்று அர்த்தம். விளிம்புக்கு ஓடினால் சூடு அதிகம். அதற்கேற்ப பல்பை ஏற்றி இறக்கவேண்டும். நடுராத்திரி கரண்ட் போனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும். கையால் அள்ளி அள்ளிப் பிரித்துவிடுவேன். அப்போது சில குஞ்சு என் கைக்குள்ளேயே தூங்கிவிடும். எதற்காகக் கைக்குள் நுழைந்தது என்று இதுவரை யோசித்ததில்லை.

குரு: அது தாயைத் தேடி நுழைந்தது. முட்டை பொரிந்தது இயந்திரத்தில். அதன் தாயும் அதை அறியாது.

சீடன்: எருசலேமை நினைத்து ஆண்டவர் புலம்பியபோது…

குரு: சொல்.

சீடன்: தன்னைக் கோழி என்று சொன்னார். குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்த்துக்கொள்கிற கோழி. சிங்கம், கழுகு எத்தனையோ இருந்தது. ஐயாயிரம் கோழி இருக்கிற வீட்டில் பிறந்தேன், சாமி. ஒரு கோழி குஞ்சை இறக்கைக்குள் வைத்து நான் பார்த்தது பாட்டி வீட்டு நாட்டுக்கோழியில் மட்டும்தான். அதுவும் பாட்டி இருந்தவரை.

(குரு ஒன்றும் சொல்லவில்லை. பூசை மணி அடித்தது. திரும்பி வந்த பிறகு மிச்சத்தைப் பேசினோம்.)

சீடன்: அப்பாவிடம் என்ன சொல்வது?

குரு: உபதேசம் பண்ணாதே. போய் நாலு நாள் கூட இரு. செத்ததைப் புதைத்தது யார்?

சீடன்: அப்பாவும் ஒடிசாப் பையனும். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு.

குரு: அடுத்த தடவை மண்வெட்டியை நீ வாங்கு. வளர்ப்புக் கூலி கேட்டு விவசாயிகள் கூடும்போது அவரோடு போய் நில். அங்கே நின்ற பிறகு இடத்தைப் பற்றிப் பேச உனக்கு வாய் உண்டு. பங்குத்தந்தை ஆனபின் ஒன்று செய்யலாம். திருவிழாப் பந்திக்கு எத்தனை கோழி, எங்கிருந்து, எப்படி வளர்ந்தது என்று நிதிக்குழுவில் ஒருவனாவது கேட்கவேண்டும். மெழுகுவர்த்திக்கும் மேளத்துக்கும் மூன்று கடையில் விலை கேட்கிறோம். உயிருக்கு ஒரு கேள்வி கேட்பதில்லை. ஓரியூர்க் கோவிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு வீட்டில் ஒரு பேராவது இருக்கும், வெட்டுகிற அன்று பிள்ளைகள் சாப்பிடாமல் அழும். அதை மூடத்தனம் என்று எழுதுகிற நம்மவர்கள் பேரில்லாத ஐயாயிரத்தைப் பற்றி எழுதுவதில்லை.

சீடன்: திருவிழா இருக்கட்டும். மே மாதம் என் முதல் நன்றிப் பலி. ஆயிரத்து இருநூறு பேருக்குப் பிரியாணி என்று சித்தப்பா அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

குரு: உங்கள் ஷெட்டுக் கோழியா?

சீடன்: எங்கள் ஷெட்டில் ஒரு கோழிகூட எங்களுடையது இல்லையே. கடையில்தான் வாங்கவேண்டும். ஆளுக்குக் கால் கிலோ, முன்னூறு கிலோ கறி. கழிவு போக ஒரு கோழிக்கு ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ தேறும். இருநூற்றுச் சொச்சம் கோழி.

குரு: எப்போது குஞ்சாக இறங்கும்?

சீடன்: ஈஸ்டர் கழிந்ததும்.

குரு: இன்னும் முட்டைக்குள்ளே இருக்கிறதா?

சீடன்: ஆமாம், சாமி. முட்டை இப்போது இயந்திரத்தில் இருக்கும்.

குரு விளக்கைப் போட எழுந்தார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், பந்தியில் என்ன போடுவது என்று பந்தி போடுகிறவன் தீர்மானிக்கட்டும் என்றார்.

பெரிய வாரத் திங்கட்கிழமை ராத்திரி சீடன் வீட்டுக்குப் போன் செய்தான். முதலில் அப்பாவின் முதுகுவலியை விசாரித்தான். பிறகு, பிரியாணிக்குப் பதிலாக அரிசிம்பருப்பு சாதம் போட்டால் என்ன என்று கேட்டான். ஊரில் என்ன பேசுவார்கள் தெரியுமா என்று அப்பா கேட்டார். தெரியும் என்றான். அதற்குள் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. லோடு வண்டி வந்துவிட்டது, விடிவதற்குள் ஏற்றவேண்டும், நாளைக்குப் பேசலாம் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.